தீ காட்டிக் கொடுத்த ஊர்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு கொலராடோவில் உள்ள மெசா வெர்டே தேசியப் பூங்காவுக்குப் போனேன். பாறைக் குடைவுக்குள் கட்டிய வீடுகள் அற்புதம். ஆனால் போகும் வழியெல்லாம் எரிந்து வெளுத்த மரங்கள். 'சுடுகாடு மாதிரி இருக்கே' என்றார் அம்மா. படங்களில் பார்த்த பசுமையை நம்பிப் போனவனுக்குப் பெரிய ஏமாற்றம். இப்படி எரிந்துபோன இடத்துக்கு இவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா?

ஒரு வாசகர், டென்வர்

அன்புள்ள தம்பி,

அம்மா சொன்னது தவறில்லை. நானும் முதல் தடவை அந்தச் சாலையில் மனம் கனத்துத்தான் போனேன். 1996க்கும் 2003க்கும் இடையில் வந்த காட்டுத்தீக்களில் பூங்காவின் பாதிக்கு மேல் எரிந்துவிட்டது. 2000ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு தீ சேர்ந்து 20,000 ஏக்கருக்கு மேல் தின்றன. பினியான் பைனும் ஜூனிப்பரும் மெதுவாக வளரும் மரங்கள். நீங்கள் படத்தில் பார்த்த காடு திரும்பி வர நூற்றாண்டுகள் ஆகும். நம் பேரப்பிள்ளைகளும் பார்க்கப்போவதில்லை.

ஆனால் அந்த எரிந்த மேட்டைக் கார் ஜன்னல் வழியாகக் கடந்துவிட்டீர்களே, அதுதான் எனக்கு வருத்தம். அமெரிக்கப் பூர்வகுடிகளான புவெப்லோ மக்களின் முன்னோர் அங்கே ஏறத்தாழ 700 ஆண்டுகள் வாழ்ந்தார்கள். கிளிஃப் பேலஸ் (பாறை அரண்மனை) போன்ற பாறை வீடுகள் அதில் கடைசி நூறு ஆண்டுக்குள் கட்டியவை. அதற்கு முந்தைய காலம் முழுக்க அவர்கள் பெரும்பாலும் மேட்டின் மேல்தான் இருந்தார்கள். தரையைத் தோண்டிக் குழி வீடு கட்டினார்கள், மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் போட்டார்கள். அந்த ஊர்கள் புதருக்கும் மண்ணுக்கும் அடியில் மறைந்து கிடந்தன. தீ அணைந்தபின் ஆய்வாளர்கள் சாம்பலில் வரிசையாக நடந்து தேடினார்கள். அதுவரை எந்தப் பதிவிலும் இல்லாத நூற்றுக்கணக்கான இடங்கள் கண்ணில் பட்டன. இடிந்த சுவர்கள், பானை ஓடுகள். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தவை, ஓடைச் சரிவுகளில் கல்லை அடுக்கிக் கட்டிய சின்னச் சின்னத் தடுப்பணைகள். மழைநீரையும் மண்ணையும் பிடித்துவைத்து, அந்தத் துண்டு நிலத்தில் பயிர் செய்திருக்கிறார்கள். அரண்மனை என்று பெயர் வாங்கிய வீட்டுக்குச் சோறு போட்டது இந்தக் கல்வரிசைதான்.

இதற்காகத் தீயை நல்லது என்று சொல்லவே மாட்டேன். பாட்டில்ஷிப் ராக் என்ற பாறையில் செதுக்கியிருந்த பழைய உருவங்கள் 1996 தீயில் மோசமாகச் சிதைந்தன. சூட்டில் மணற்கல்லின் மேற்பரப்பு செதில் செதிலாக உரிந்து விழும். உரிந்த செதிலோடு செதுக்கியதும் போயிற்று, இனி அதை யாரும் மீட்க முடியாது. அப்புறம் மழை. வேர்ப்பிடிப்பு இழந்த மண், ஓடுகளையும் கற்களையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகும். அதைத் தடுக்கத்தான் தீக்குப் பிறகு அந்த மண்ணுக்குரிய புல் விதைகளை விமானத்திலிருந்து தூவினார்கள். சாலையோரம் நீங்கள் பார்த்த புல்லில் அதுவும் இருக்கும்.

பாறை வீடுகள் பெரும்பாலும் தப்பித்ததற்குக் காரணம், குடைவுக்குள் தீ பற்றிப் பரவ மரஞ்செடிகள் அதிகம் இல்லை என்பதுதான்.

சரி, அடுத்த தடவை கோடையில் போங்கள். அதே பூங்காவில் உள்ள வெதரில் மெசா என்ற மேட்டின் பக்கம் திரும்புங்கள். குளிர்காலத்தில் அந்தச் சாலையை மூடிவிடுவார்கள். அங்கே பேட்ஜர் ஹவுஸ் தொகுதிக்கு ஒரு நடைபாதை போகிறது. எரிந்த காட்டுக்கு நடுவே குழி வீட்டில் தொடங்கி, கல்வீட்டு ஊர் வரைக்கும் பார்த்துக்கொண்டே நடக்கலாம். நிழலே கிடையாது, அம்மாவுக்குத் தொப்பியும் நிறையத் தண்ணீரும் எடுத்துப் போங்கள். தரையில் பானை ஓடு தெரிந்தால் குனிந்து பாருங்கள், எடுக்க வேண்டாம். புவெப்லோ மக்களில் சேர்ந்த ஹோப்பி, சூனி இனத்தாருக்கு அது இன்றும் பாட்டன் வீடு.

அன்புடன்.