மாடும் விறகும் காட்டைக் குறைக்கின்றனவா? கன்றுகளைப் பாருங்கள்

கேள்வி: அந்தியூர் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிறோம். ஊரில் பலருக்கு மாடும் வெள்ளாடும்தான் பிழைப்பு. விறகு, பருவத்தில் நெல்லிக்காய் எல்லாம் காட்டிலிருந்துதான். எங்களால்தான் காடு அழிகிறது என்கிறார்கள். உண்மையா? நாங்களே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு. பெரிய மரங்களை விட்டுவிடுங்கள். ஐம்பது வருட மரம் இன்றைய மேய்ச்சலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. வனச்சரகரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, மழை ஓய்ந்த தை மாதத்தில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டராக இரண்டு இடம் அளந்துகொள்ளுங்கள். ஒன்று ஊரை ஒட்டி, இன்னொன்று ஆடு மாடு அதிகம் போகாத உள்பகுதியில். இடுப்பு உயர மரக்கன்றுகளை மட்டும் எண்ணுங்கள். உள்பகுதியில் கன்றுகள் இருந்து, ஊரோரம் இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் நாம்தான்.

எந்தக் காரணம் என்பதையும் கன்றே காட்டும். நுனி கடிபட்டுக் குட்டையாகப் படர்ந்திருந்தால் ஆடு. சாய்வாக வெட்டுப்பட்டிருந்தால் அரிவாள். அடி கருகியிருந்தால் தீ.

காய்ந்த சுள்ளி பொறுக்குவதால் பெரிய சேதமில்லை. பச்சை மரத்தை வெட்டிப் போட்டுவிட்டு, அது காய்ந்ததும் ‘காஞ்ச வெறகு’ என்று தலைச்சுமையாகக் கொண்டுவருகிறார்களே, அதுதான் வினை. உங்கள் ஊரிலும் இது எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

மாட்டு விஷயம் சிக்கலானது. அளவாக மேய்ந்தால் புல் குறையும், கோடைத் தீயின் வேகமும் குறையும். அளவு மீறினால் புல் போன இடத்தை உண்ணிச்செடி பிடித்துக்கொள்ளும். அதை மாடு தொடாது. மாடு ஊரோரம் சீமைக்கருவேல நெற்றைத் தின்றுவிட்டுக் காட்டுக்குள் போனால், சாணத்தோடு விழும் விதை அங்கேயே முளைக்கும். நெற்று உதிரும் மாதங்களில் சீமைக்கருவேலப் பக்கம் மாட்டை ஓட்டாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

சாணியையும் கவனியுங்கள். நீலகிரியின் மசினகுடி, சீகூர்ப் பகுதியில் தோட்டங்களுக்குச் சாணி விற்பதற்கென்றே பலர் மாடு வைத்திருந்தார்கள். காட்டுப் புல்லின் சத்தெல்லாம் லாரியேறிப் போய்விடும், மண் இளைக்கும். என் கணக்கில், பால் மாட்டைவிட இந்தச் சாணி வியாபாரத்தைத்தான் ஊர் முதலில் பேச வேண்டும்.

நெல்லிக்குச் சுருக்கமாக: கிளையை ஒடிக்காமல் பறியுங்கள், மரத்துக்குக் கொஞ்சம் காய் விடுங்கள். புள்ளிமான் அதைத் தின்று, அசைபோடும்போது கொட்டையைத் துப்புவதாலும் புது நெல்லி வருகிறது.

அப்புறம் சட்டம். அந்தியூரை அடுத்த பர்கூர்க் காட்டின் பெரும்பகுதி 2024 ஜனவரியில் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமானது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் விதித்த மேய்ச்சல் தடை, பிறகு தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கப்பட்டது. ஆனால் 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் சமூக உரிமையாகச் சொல்கிறது, சரணாலயத்துக்குள்ளும்தான். அந்த உரிமையைப் பெற்ற கிராம சபை எங்கே, எப்போது மேய்ப்பது என்று விதி வகுக்கலாம். பழங்குடியினர் அல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13க்கு முந்தைய மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுக் காலம், அங்கே இருந்து காட்டை நம்பி வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். பழைய மேய்ச்சல் ரசீது, மாட்டுப்பட்டி அனுமதிச் சீட்டு யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் முதலில் அதை நகலெடுத்து வையுங்கள்.