பழைய போஸ்ட்கார்டை விற்கலாம், பிரதி எடுத்து விற்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் சஃபோக் பக்கம் இருபது வருடமாக இருக்கிறேன். கெர்சி, லாவன்ஹாம், கேவண்டிஷ் போன்ற கிராமங்களின் பழைய போஸ்ட்கார்டுகளைச் சேர்க்கிறேன். ஒரே கார்டு இரண்டு இருந்தால் ஒன்றை ஆன்லைனில் விற்பேன். ஓர் உள்ளூர் புகைப்படக்காரர் 1912 வாக்கில் எடுத்த படங்களை மட்டும் பெரிதாக்கி, பிரேம் போட்டும் காலண்டராகவும் நான்கு வருடம் விற்றேன். செலவு போக 1,100 பவுண்டு நின்றது. இப்போது அவருடைய பேத்தியின் சொலிசிட்டர் (வக்கீல்) 4,800 பவுண்டு கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறார். அந்தக் குடும்பம் இந்தப் படங்களைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. தேடித் தேடிக் காசு கொடுத்து வாங்கியவன் நான். என் ஸ்கேன்களை ஊர் வரலாற்றுக் குழு கேட்காமலே புத்தகத்தில் போட்டது, நான் வழக்கா போட்டேன்? 1958-இல் இறந்த அந்த மனிதரின் கல்லறையைக்கூட நான்தான் போய்ப் பார்த்தேன். இதையெல்லாம் விளக்கிப் பதில் எழுதட்டுமா? சொலிசிட்டர் அனுப்பிய தாள்களின் நகலையும் என் காலண்டர் ஒன்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

பதில்: எழுத வேண்டாம். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய விஷயம் ஒன்றுதான்: அவர் 1958-இல் இறந்தார். அந்த நாட்டுச் சட்டப்படி, படம் எடுத்தவர் இறந்த ஆண்டு முடிந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை இருக்கும். அதாவது 2028 டிசம்பர் 31 வரை. கார்டுக்கு நூறு வயது தாண்டிவிட்டது என்பது கணக்கிலேயே வராது. ஒரு காலத்தில், படம் எடுத்த நாளிலிருந்து 50 ஆண்டு என்று இருந்தது உண்மை. சேகரிப்பவர்கள் பலர் இன்னும் அந்தக் கணக்கையே சொல்கிறார்கள். 1996 ஜனவரி 1-இல் அமலுக்கு வந்த விதிகள், அப்படி முடிந்துபோன உரிமைகளுக்கும் மறுபடி உயிர் கொடுத்துவிட்டன.

நீங்கள் காசு கொடுத்து வாங்கியது காகிதத்தை. அந்தக் காகிதத்தை யாருக்கும் விற்கலாம், பேத்தி தடுக்க முடியாது. விற்பனைக்காக அதன் படத்தை ஆன்லைனில் காட்டுவதும் தவறில்லை, 1988-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. அதே ஸ்கேனை எடுத்துக் காலண்டர் அடித்ததுதான் சிக்கல்.

வரலாற்றுக் குழு மேல் உள்ள கோபத்தை விட்டுவிடுங்கள். தட்டையான ஒரு கார்டை அப்படியே ஸ்கேன் செய்வதால் உங்களுக்குப் புதிதாக ஓர் உரிமை வராது. 2023-இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதிலிருந்தும் அதுதான் தெரிகிறது. குடும்பம் கண்டுகொள்ளவில்லை என்பதும் உங்களுக்கு உதவாது. பதிப்புரிமையைக் கவனிக்காமல் விட்டால் அது போய்விடாது.

இனி, நான் உண்மையில் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். அதே சட்டத்தின் 97-ஆவது பிரிவில் இரண்டு பாதி உண்டு. உரிமை இருக்கிறது என்று தெரியாமலும், தெரிந்திருக்கக் காரணமில்லாமலும் பிரதி எடுத்தவரிடம் நஷ்டஈடு கேட்க முடியாது, லாபத்தை மட்டும் கேட்கலாம். தெரிந்தே துணிந்து செய்தவர் மீது கூடுதல் நஷ்டஈடு விதிக்கலாம். நீங்கள் காலண்டரின் பின்பக்கத்திலேயே அவர் பெயரையும் பிறந்த, இறந்த வருடங்களையும் மரியாதையாக அச்சிட்டிருக்கிறீர்கள். முதல் பாதி ஏறக்குறைய கைவிட்டுப் போயிற்று. இதற்கு மேல் ‘அவர் வாழ்க்கையையே ஆராய்ந்தவன் நான்’ என்று கடிதம் எழுதினால், மிச்சம் இருப்பதும் போய்விடும். இப்படி மனம்விட்டு எழுதிய கடிதமே எதிர்த்தரப்பின் முதல் ஆவணமாக மாறியதைப் பார்த்திருக்கிறேன். படித்தபோது வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் அதில் இருந்த ஒவ்வொரு வரியும் உண்மை.

சொலிசிட்டர் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து ‘தெரியாது’ என்று சொல்ல வழியே இல்லை. காலண்டர், பிரேம் எல்லாவற்றையும் இன்றிரவே விற்பனையிலிருந்து எடுங்கள். ஆனால் கணக்கை அழிக்காதீர்கள், விற்பனைப் பட்டியலைச் சேமித்து வையுங்கள். பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஆதாரத்தை ஒழித்தவர் என்ற பெயரோடு நீதிமன்றத்தில் நின்றவர்கள் உண்டு.

அடுத்தது, கடிதத்தோடு வந்திருக்கும் உறுதிமொழித் தாள். ‘அவருடைய அஞ்சலட்டைகள் எதையும் இனி விற்கவோ காட்டவோ மாட்டேன்’ என்று அதில் இருக்கிறது. தொல்லை தீர்ந்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டால், சட்டப்படி உங்களுக்கு முழு உரிமையுள்ள பழைய கார்டு வியாபாரத்தையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தவர் ஆவீர்கள். ‘அஞ்சலட்டைகள்’ என்ற இடத்தில் ‘அஞ்சலட்டைகளின் பிரதிகள்’ என்று வர வேண்டும், ‘2028 முடியும் வரை’ என்பதும் வர வேண்டும்.

பேத்தி ஒருவர்தானா என்றும் கேளுங்கள். பதிப்புரிமை உயில் வழியாக இறங்கும் சொத்து. மூன்று பேரப்பிள்ளைகளுக்குக் கூட்டாக வந்திருந்தால், ஒருவர் தரும் அனுமதி மற்றவர்களைக் கட்டுப்படுத்தாது. பணம் கட்டிய ஆறாவது மாதம் இன்னொரு கடிதம் வரலாம். கார்டை வெளியிட்ட கடைக்காரருக்கு அவர் உரிமையை எழுதிக் கொடுத்திருக்கவும் வாய்ப்புண்டு. ஆகவே உயில் நகலையும் உரிமை வந்த வழியையும் காட்டச் சொல்லுங்கள். இதைக் கேட்பது சண்டை போடுவது ஆகாது.

கேட்டதைக் கேட்டுவிட்டு, சமரசத்துக்குப் போங்கள். 10,000 பவுண்டுக்கு உட்பட்ட இப்படிப்பட்ட வழக்குகள் அறிவுசார் சொத்து நீதிமன்றத்தின் சிறு வழக்குப் பிரிவுக்குப் போகும். அங்கே ஜெயித்தாலும் வக்கீல் செலவு பெரும்பாலும் திரும்ப வராது, அது அவர்களுக்கும் தெரியும். முறையாக அனுமதி கேட்டிருந்தால் என்ன கட்டணம் ஆகியிருக்கும் என்றுதான் நீதிபதி முதலில் பார்ப்பார். அந்தக் கணக்கில் 4,800 நிற்காது. 500 பவுண்டில் ஆரம்பித்து, 2028 வரை காலண்டர் அடிக்க அனுமதியும் சேர்த்துத் தருவதானால் உங்கள் லாபம் முழுவதையும் கொடுத்தாவது முடியுங்கள். பேரம் பேசும் கடிதம் ஒவ்வொன்றின் தலையிலும் ‘வித்தவுட் பிரெஜுடிஸ்’ என்று இருக்கட்டும், சமரசத்துக்காக எழுதியதை நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகக் காட்டக் கூடாது என்று அதற்குப் பொருள்.

அப்புறம், கையில் இருக்கும் மற்றக் கார்டுகளையும், படம் எடுத்தவர் இறந்த வருடத்தை வைத்துப் பிரித்துவிடுங்கள். ஹேஸ்டிங்ஸில் ஜட்ஜஸ் என்ற போஸ்ட்கார்டு நிறுவனத்தை நடத்திய ஃபிரெட் ஜட்ஜ் 1950-இல் இறந்தார், அவரே எடுத்த படங்களின் உரிமை 2020-உடன் முடிந்தது. அதே நிறுவனத்துக்காக வேறொருவர் எடுத்த படத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பெயரே இல்லாத கார்டு என்றால், நியாயமாகத் தேடியும் ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று நீங்கள் காட்ட வேண்டும். பழைய வணிக டைரக்டரியில் அந்த ஊர்ப் புகைப்படக்காரர் பெயர் இருந்தால், ‘ஆள் தெரியாது’ என்பது எடுபடாது.

கல்லறைக்குப் போனதைப் பேத்தியிடம் சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு இருக்கிறது, புரிகிறது. ஒப்பந்தத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்ட மறுநாள் எழுதுங்கள், நல்ல கார்டு ஒன்றையும் உள்ளே வையுங்கள்.