பழைய தெர்மாமீட்டரை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். 2024-இல் உலகச் சராசரி வெப்பநிலை, 1850–1900 காலத்தைவிட 1.55 டிகிரி செல்சியஸ் கூடிவிட்டது என்று வகுப்பில் சொன்னேன். “அந்தக் காலத் தெர்மாமீட்டரில் அரை டிகிரி படிப்பதே கஷ்டமாச்சே சார், இவ்வளவு துல்லியம் எப்படி வந்தது?” என்று ஒரு மாணவி கேட்டாள். என்ன சொல்லட்டும்?

பதில்: முதலில் அந்த எண்ணை முழுசாகச் சொல்லிவிடுங்கள். உலக வானிலை அமைப்பு தந்தது 1.55 ± 0.13, அதாவது 0.13 டிகிரி கூடவோ குறையவோ இருக்கலாம். செய்திகளில் அந்தப் பின்பாதி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. உங்கள் மாணவியின் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது.

அரை டிகிரிப் பிழை பெரிய சிக்கல் இல்லை. வகுப்பில் நாற்பது பேரின் உயரத்தை மில்லிமீட்டர் வரை அளந்து சராசரி எடுங்கள். அப்புறம் அதே உயரங்களைப் பக்கத்து 5 சென்டிமீட்டருக்கு முழுமையாக்கி மறுபடி சராசரி எடுங்கள். இரண்டுக்கும் அரை சென்டிமீட்டர்கூட வித்தியாசம் பெரும்பாலும் வராது. கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

எல்லா அளவையும் ஒரே பக்கம் இழுக்கும் பிழைதான் ஆபத்து. அதற்கு நல்ல உதாரணம் கப்பல் வாளி. பூமியில் 71 சதவீதம் கடல். அதன் வெப்பநிலையை 19-ஆம் நூற்றாண்டு மாலுமிகள், வாளியில் தண்ணீர் மொண்டு மேல்தளத்தில் வைத்து அளந்தார்கள். கித்தான் வாளியில் நீர் கசிந்து ஆவியாகும். தெர்மாமீட்டரைப் படிப்பதற்குள் தண்ணீர் குளிர்ந்துவிடும். மரவாளியில் இந்தக் குளிர்ச்சி குறைவு. பிறகு இன்ஜினைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் கடல்நீரை அளக்கும் வழக்கம் வந்தது. இன்ஜின் அறைச் சூட்டில் அது சற்றுக் கூடுதலாகக் காட்டும். இரண்டாம் உலகப் போரின்போது இந்த முறையில் அளந்த அமெரிக்கக் கப்பல்களின் பதிவுகளே அதிகம். போர் முடிந்து பிரிட்டிஷ் கப்பல்களின் வாளிப் பதிவுகள் பெருகியதும், 1945-இல் கடல் திடீரென 0.3 டிகிரி குளிர்ந்ததுபோல் பதிவானது. அந்தத் திடீர்ச் சரிவுக்குக் காரணம் அளவு முறை மாறியதுதான் என்று 2008-இல் ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது.

இப்படிப்பட்ட பிழைகளைத்தான் திருத்துகிறார்கள். “வெப்பமாதலைப் பெரிதாகக் காட்டவே திருத்துகிறார்கள்” என்ற குற்றச்சாட்டு மாணவர்கள் காதுக்கும் வந்திருக்கும். உண்மை நேர்மாறானது. பழைய வாளி அளவுகள் குளிர்ச்சியாகக் காட்டியதால், திருத்தும்போது அந்தக் காலத்தின் வெப்பநிலை உயர்கிறது. அதனால் உலக அளவில் மொத்த ஏற்றம், திருத்தாத கணக்கைவிடக் குறைகிறது. இதை வகுப்பில் அழுத்திச் சொல்லுங்கள்.

நிலத்தில் சிக்கல் வேறு. 1860-களில் தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்த காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டி பரவும் வரை, சுவரோரமாகவெல்லாம் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டார்கள். நிலையங்கள் இடம் மாறின, படிக்கும் நேரமும் மாறியது. பக்கத்து நிலையங்களோடு ஒப்பிட்டு இவற்றைக் கண்டுபிடிக்கலாம்.

இன்னொன்று, வெற்றிடங்கள். அண்டார்டிகாவில் தொடர்ச்சியான பதிவுகள் பரவலாகத் தொடங்கியது 1957–58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டை ஒட்டித்தான். இங்கே கைகொடுப்பது ஒரு வழிமுறை: “எத்தனை டிகிரி” என்று பார்க்காமல் “வழக்கத்தைவிட எவ்வளவு கூட, குறைய” என்று பார்க்கிறார்கள். கொடைக்கானலும் மதுரையும் எப்போதும் ஒரே வெப்பநிலையில் இருக்காது. ஆனால் வழக்கத்தைவிடச் சூடான மாதம் பெரும்பாலும் இரண்டுக்கும் பொதுவாக இருக்கும். இந்த ஒற்றுமை 1,200 கிலோமீட்டர் வரைகூட ஓரளவு நீடிக்கிறது என்று காலநிலை ஆய்வாளர்கள் ஹான்சனும் லெபெடெஃபும் 1987-இல் காட்டினார்கள். அதனால் குறைந்த நிலையங்களை வைத்தும் பெரிய பரப்பை மதிப்பிட முடிகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சும் ஐயம்: நாசாவின் கணக்கில் 1880-ஐ ஒட்டி ஆண்டுச் சராசரிக்குச் சுமார் ± 0.15 டிகிரி, அண்மைப் பத்தாண்டுகளில் ± 0.05. ஆகவே 1880-களின் இரண்டு ஆண்டுகளில் எது சூடானது என்று கேட்டால் பல சமயம் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்போதைக்கும் இப்போதைக்கும் உள்ள வித்தியாசமோ இந்த ஐயத்தைப்போலப் பல மடங்கு.

நாசாவின் தரவு 1880-இலிருந்தும், பிரிட்டனின் ஹாட்கிரட் (HadCRUT) என்ற உலக வெப்பநிலைத் தரவு 1850-இலிருந்தும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வரைபடமாகக் காட்டும்போது கோட்டை மட்டும் போடாமல், ஐயத்தைக் குறிக்கும் பட்டையையும் சேர்த்தே போட்டுக் காட்டுங்கள்.