100 மீட்டர், 400 மீட்டர், மாரத்தான்: உடல் ஆற்றலை எங்கிருந்து எடுக்கிறது?

கேள்வி: ஓடத் தொடங்கி 20 நிமிடம் வரை உடல் சர்க்கரையைத்தான் எரிக்கும், அதற்குப் பிறகுதான் கொழுப்பு எரியத் தொடங்கும் என்று ஜிம்மில் சொல்கிறார்கள். உண்மையா? வேக ஓட்டத்திலும் நெடுந்தூர ஓட்டத்திலும் உடல் எப்படி ஆற்றலை உருவாக்குகிறது?

பதில்:

உண்மை இல்லை. நீங்கள் சாப்பிட்டுச் சில மணி நேரம் ஆகியிருந்தால், நாற்காலியில் உட்கார்ந்து இதைப் படிக்கும் இந்த நேரத்திலும் உங்கள் உடல் செலவிடும் ஆற்றலில் பாதிக்கு மேல் கொழுப்பிலிருந்துதான் வந்துகொண்டிருக்கும். எந்த எரிபொருள் எவ்வளவு என்பதை முதலில் தீர்மானிப்பது ஓடும் வேகம்தான். நேரத்துக்கு அடுத்த இடமே.

நான் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தடகளப் பயிற்சி கொடுப்பவன். மைதானத்தில் நடக்க வரும் பெரியவர்கள் இந்த 20 நிமிடக் கணக்கை என்னிடம் கேட்காத மாதமே இல்லை. கால் மணி நேரம்தான் கிடைக்கிறது, அதில் நடந்து என்ன பயன் என்று சிலர் வராமலே இருந்துவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தசை சுருங்க நேரடியாகப் பயன்படும் எரிபொருள் ஒன்றுதான்: ஏ.டி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அடினோசின் டிரைபாஸ்பேட். இட்லியாக உள்ளே போனாலும் நல்லெண்ணெயாகப் போனாலும் கடைசியில் ஏ.டி.பி.யாக மாறினால்தான் தசைக்கு அது உதவும். ஆனால் தசையில் இதன் கையிருப்பு மிகச் சொற்பம். முழு வேகத்தில் ஓடினால் இரண்டு மூன்று நொடிக்குத்தான் வரும். அந்தக் கையிருப்பையும் தசை காலியாக விடுவதில்லை. ஒருவர் களைத்து விழும் அளவுக்கு ஓடியபின் சோதித்தாலும் பெரும்பங்கு ஏ.டி.பி. அங்கேயே இருக்கும். செலவான நொடியிலேயே அது மறுபடி உருவாக்கப்பட்டுவிடுகிறது. அப்படி உருவாக்க உடலிடம் மூன்று வழிகள் இருக்கின்றன.

மிக வேகமான வழி கிரியாட்டின் பாஸ்பேட். தசைக்குள்ளேயே தயாராக இருக்கும் இந்தப் பொருள் தன் பாஸ்பேட்டைக் கொடுத்து, ஒரே வேதிவினையில் ஏ.டி.பி.யை மீண்டும் உருவாக்கிவிடுகிறது. இதைக் கண்டறிந்ததில் நம் ஊருக்கும் தொடர்பு உண்டு. ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து 1927இல் இந்தப் பொருளை அறிவித்தார். இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியும் அதே ஆண்டு அதை எட்டினார்கள். ஏ.டி.பி.யையும் 1929இல் ஜெர்மனியில் கார்ல் லோமன் ஒரு பக்கமும், ஃபிஸ்கேயும் சுப்பாராவும் இன்னொரு பக்கமும் தனித்தனியே பிரித்தெடுத்தார்கள். அதுவரை, சர்க்கரை ஆக்சிஜன் இல்லாமல் உடையும்போது லாக்டிக் அமிலம் உருவாவதுதான் தசையை இயக்குகிறது என்று நம்பப்பட்டது. 1930இல் டென்மார்க்கின் ஐனர் லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலம் உருவாகாதபடி நஞ்சூட்டிய தசையும் சுருங்குகிறது என்று காட்ட, அந்த நம்பிக்கை உடைந்தது. தசையைப் பற்றிப் பேசும்போது சுப்பாராவின் பெயரை நான் மாணவர்களிடம் சொல்லாமல் விடுவதில்லை. சென்னை வகுப்பறையிலிருந்து போன ஒருவரின் உழைப்பு, அவர்கள் ஓடும் ஒவ்வொரு 100 மீட்டரிலும் இருக்கிறது.

இந்தக் கையிருப்பும் நீடிப்பதில்லை. முழு வேகத்தில் பத்து நொடிக்குள் பெருமளவு குறைந்துவிடும். 2009இல் பெர்லினில் உசைன் போல்ட் 9.58 நொடியில் ஓடிய உலக சாதனை ஓட்டத்தைப் பாருங்கள். 60இலிருந்து 80 மீட்டர் வரை அவர் எடுத்துக்கொண்ட நேரம் 1.61 நொடி. கடைசி 20 மீட்டருக்கு 1.66 நொடி. உலகின் அதிவேக மனிதரும் கடைசியில் வேகம் குறைகிறார். நரம்பு மண்டலம் தளர்வது உட்பட அதற்கு வேறு காரணங்களும் உண்டு. கிரியாட்டின் பாஸ்பேட் வற்றுவதும் ஒரு காரணம்.

இரண்டாவது வழி, தசையில் சேர்த்துவைத்த கிளைக்கோஜனை ஆக்சிஜன் இல்லாமல் உடைப்பது. கிளைக்கோஜன் என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்துக் கட்டிய சேமிப்பு. இந்த வழியில் ஒரு குளுக்கோஸ் அலகிலிருந்து மூன்று ஏ.டி.பி. மட்டுமே மிஞ்சும். அதே குளுக்கோஸை ஆக்சிஜனோடு முழுமையாக எரித்தால் முப்பதுக்கு மேல் கிடைக்கும். இருந்தும் உடல் இந்தச் சிக்கனமற்ற வழியை வைத்திருப்பதற்குக் காரணம் அதன் வேகம்.

பாடப்புத்தகப் படங்களில் முதல் பத்து நொடி கிரியாட்டின் பாஸ்பேட், பிறகு இரண்டு நிமிடம் வரை கிளைக்கோஜன், அதன் பின் ஆக்சிஜன் என்று கட்டம் கட்டிக் காட்டியிருப்பார்கள். 20 நிமிடக் கதையும் அந்தக் கட்டங்களிலிருந்துதான் பிறந்திருக்க வேண்டும். மூன்று வழிகளும் துப்பாக்கி வெடித்த கணத்திலேயே ஒன்றாகத் தொடங்குகின்றன; மாறுவது அவற்றின் பங்குதான். சைக்கிளில் ஆறு நொடி முழுமூச்சாக மிதிக்கச் செய்து தசையைச் சோதித்த ஆய்வில், அந்த ஆறு நொடியிலேயே ஆக்சிஜன் இல்லாமல் உருவான ஏ.டி.பி.யில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு கிளைக்கோஜனிலிருந்து வந்திருந்தது.

மூன்றும் கலந்து நிற்பதை நேரில் பார்க்க 400 மீட்டரைவிட நல்ல இடம் இல்லை. 2023இல் புடாபெஸ்டில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் இந்தியாவின் 4×400 ஆண்கள் அணி 2 நிமிடம் 59.05 நொடியில் ஓடி ஆசிய சாதனை படைத்தது. கடைசிச் சுற்றை ஓடியவர் நம் ராஜேஷ் ரமேஷ். நாற்பத்தைந்து நொடி அளவிலான ஓட்டம் ஒவ்வொன்றும். எங்கள் மைதானத்தில் பிள்ளைகள் ஓடுவது அதைவிட மெதுவாகத்தான். ஆனால் உடலில் நடப்பது அதேதான். முதல் வளைவில் எல்லோரும் அழகாக ஓடுவார்கள். 300 மீட்டர் கோட்டைத் தாண்டிக் கடைசி வளைவு முடியும்போது தோள் மெல்ல மேலே ஏறும், கழுத்து நரம்பு புடைக்கும், முழங்கால் உயராது. காலடி ஒவ்வொன்றும் சுருங்கிக்கொண்டே வரும். அந்த நேரத்தில் தசைக்குள் ஹைட்ரஜன் அயனிகள் குவிந்து அமிலத்தன்மை ஏறியிருக்கும். உடைந்த பாஸ்பேட்டும் சேர்ந்து சுருங்கும் திறனைக் குறைத்திருக்கும். கோட்டைத் தாண்டியதும் அப்படியே குப்புற விழுந்து, ஓட்டம் முடிந்த பிறகுதான் இன்னும் பலமாக மூச்சு வாங்குவார்கள். செலவான கிரியாட்டின் பாஸ்பேட்டை மறுபடி நிரப்பவும், கிளைக்கோஜன் உடைந்து சேர்ந்த லாக்டேட்டைக் (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்) கையாளவும் தேவையான ஆக்சிஜனை உடல் அப்போது இழுத்துக்கொள்கிறது.

ஆக்சிஜன் இல்லாத ஓட்டம் என்று பலரும் நினைக்கும் இந்த 400 மீட்டரிலேயே, ஆற்றலில் சுமார் 40 சதவீதம் ஆக்சிஜன் வழியாக வருகிறது. 800 மீட்டரில் அது மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு ஏறிவிடும்.

லாக்டேட்டைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அதன் மேல் சுமத்தப்படும் பழி நியாயமற்றது. பயிற்சிக்கு மறுநாள் தொடை வலித்தால் 'லாக்டிக் அமிலம் சேர்ந்திருக்கிறது' என்பார்கள். ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரம் அளவில் லாக்டேட் பழைய நிலைக்கு இறங்கிவிடும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் வருகிற வலிக்குக் காரணம் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைத் தொடரும் அழற்சியும். படியிறங்கும்போது அதிகம் வலிப்பதைக் கவனித்திருப்பீர்கள். லாக்டேட்டோ நல்ல எரிபொருள். இதயம் அதை விரும்பி எரிக்கும், பக்கத்துத் தசை நாரும் எரிக்கும். கல்லீரல் அதை மறுபடி குளுக்கோஸாக மாற்றி இரத்தத்துக்கு அனுப்பும். இந்தச் சுழற்சிக்கு, அதைக் கண்டறிந்த கார்ல் கோரி, கெர்டி கோரி தம்பதியின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது வழி, செல்லுக்குள் ஆற்றலை உருவாக்கும் நுண்ணிய உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஆக்சிஜனோடு எரிப்பது. குளுக்கோஸும் எரியும், கொழுப்பும் எரியும். ஒரு பால்மிட்டிக் கொழுப்பு அமில மூலக்கூறு நூற்றுக்கு மேல் ஏ.டி.பி. தரும். கையிருப்பும் மலைக்க வைக்கும்: 60 கிலோ எடையுள்ளவரின் உடலில் 9 கிலோ கொழுப்பு இருந்தால், அதில் ஏறத்தாழ 70,000 கிலோ கலோரி இருக்கிறது. கணக்குப்படி இருபத்தைந்து மாரத்தானுக்கு மேல் போதும். ஆனால் இது பெரிய மேல்நிலைத் தொட்டிக்குச் சிறிய குழாய் பொருத்தியது போன்றது. கொழுப்பு, சேமிப்பிலிருந்து பிரிந்து, இரத்தத்தில் பயணித்து, தசைக்குள் நுழைந்து, மைட்டோகாண்ட்ரியாவை அடைந்து எரிய வேண்டும். வேகம் கூடினால் அந்த அளவு போதாது. உடல் கிளைக்கோஜனின் பங்கை உயர்த்துகிறது. நடக்கும்போது கொழுப்பின் பங்கு அதிகம், மிதமான ஓட்டத்தில் இரண்டும் கலந்து, வேகமாக ஓடும்போது பெரும்பாலும் கிளைக்கோஜன். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் போனால் கொழுப்பின் பங்கு மெல்ல மெல்லக் கூடும் என்பது உண்மைதான். 20ஆவது நிமிடத்தில் திறக்கும் கதவு எதுவும் இல்லை.

இதைக் கேட்டதும் 'அப்படியானால் எடை குறைய மெதுவாக நடப்பதே சிறந்தது' என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 60 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் நடந்தால் 120 கிலோ கலோரி அளவுக்குச் செலவாகும். அதே அரை மணி நேரம் ஓடினால் 270 அளவுக்கு. முதலாவதில் 60 சதவீதம் கொழுப்பு என்றால் 72. இரண்டாவதில் 40 சதவீதம் என்றாலும் 108. எடையைப் பொறுத்தவரை முழு நாளின் வரவு செலவுதான் முக்கியம். கால் மணி நேர நடையும் அந்தக் கணக்கில் சேரும். முழங்கால் வலி உள்ளவர் தைரியமாக நடக்கலாம்.

மாரத்தானில் சிக்கல் வேறு. ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோ கலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ எடைக்கு 42.195 கிலோமீட்டர் ஓட சுமார் 2,500 வேண்டும். தசைகளில் 400 கிராம், கல்லீரலில் 100 கிராம் கிளைக்கோஜன் இருந்தால் 2,000 தேறும். மீதியைக் கொழுப்பு தருமே என்று தோன்றும். ஆனால் ஒரு தசை தன் கிளைக்கோஜனைக் குளுக்கோஸாக இரத்தத்தில் விட முடியாது. அதற்கான நொதி தசையில் இல்லை. கையில் நிறைய இருந்தாலும் கால் காலியானால் காலியானதுதான். வேகத்தை அதிகமாக வைத்தவர்கள் 30 கிலோமீட்டர் தாண்டி அப்படியே நின்றுவிடுவதற்குக் காரணம் இதுவே. சென்னையில் மாரத்தானை விடியும் முன்பே தொடங்கிவிடுவதற்கு வியர்வை மட்டும் காரணம் இல்லை. செலவிடும் ஆற்றலில் முக்கால் பங்கு வெப்பமாகத்தான் போகிறது, வெயிலில் கிளைக்கோஜனும் வேகமாகத் தீரும்.

கிளைக்கோஜனை ஏற்றிவைக்க முடியும் என்று காட்டிய ஆய்வை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்ப்பு. சுவீடனின் ஜோனாஸ் பெர்க்ஸ்ட்ரோமும் எரிக் ஹல்ட்மனும் ஒரே சைக்கிளின் இரு பக்கமும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைத்துப்போகும் வரை மிதித்தார்கள். பிறகு மாவுச்சத்து நிறைந்த உணவைச் சாப்பிட்டுக்கொண்டு, தங்கள் தொடையிலேயே ஊசி செலுத்தித் துளி தசையை எடுத்துச் சோதித்தார்கள். மிதித்த காலில் கிளைக்கோஜன், சும்மா இருந்த காலைப் போல் இரு மடங்கு ஏறியிருந்தது. 1966இல் வெளியான இந்த முடிவுதான், பந்தயத்துக்கு முந்தைய இரண்டு நாள் சோறு, இட்லி, உருளைக்கிழங்கு ஆகியவற்றைக் கூட்டிச் சாப்பிடச் சொல்வதற்கு அடிப்படை. ஓடும்போதும் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். அளவான வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் இருக்கும். பழக்கம் இல்லாததைப் பந்தய நாளில் சாப்பிட்டுப் பார்க்க வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இவற்றைச் செய்யக் கூடாது.

கடைசியாக, நீங்கள் கேட்காத கபடியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேதான் பயிற்சி அதிகம் பிசகுகிறது. ரைடருக்கு ஒரு ரைடுக்கு 30 நொடி. பாய்வதும் உதறித் தப்புவதும் கிரியாட்டின் பாஸ்பேட்டையும் கிளைக்கோஜனையும் நம்பி நடப்பவை. ஆனால் ஆட்டம் 40 நிமிடம். ஒரு ரைடுக்கும் அடுத்ததற்கும் இடையே அந்தக் கையிருப்பை நிரப்புவது ஆக்சிஜன் வழிதான். பாதி நிரம்ப அரை நிமிடம் போல் ஆகும், ஏறக்குறைய முழுதாக நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம். ஆகவே வேகம் கூட்டும் பயிற்சியில் ஒவ்வொரு 60 மீட்டர் ஓட்டத்துக்கும் பிறகு மூன்று நிமிடமாவது விடுங்கள். ஓய்வு கேட்கும் பையனைச் சோம்பேறி என்று விரட்டாதீர்கள். நிரம்பாத தசையோடு ஓடினால் அவன் பழகுவது மெதுவாக ஓடத்தான். வாரத்தில் இரண்டு நாள், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 40 நிமிடம் ஓட விடுங்கள். மைட்டோகாண்ட்ரியாவும் நுண் இரத்தக் குழாய்களும் பெருகுவது அந்த ஓட்டத்தில்தான், இரண்டாம் பாதியில் அவன் கால் எழும்புவதும் அதனால்தான்.