உலோக வால்வு வைத்தவர் 'டெஸ்ட் வேண்டாத' மாத்திரைக்கு மாறலாமா?

கேள்வி: என் மனைவிக்கு வயது 29. மூன்று வருடங்களுக்கு முன் இதயத்தில் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு பொருத்தினார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ராம் மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறார். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். டெஸ்டுக்காக மாதாமாதம் டவுனுக்கு அலைகிறோம். மருந்துக்கடைக்காரர், "இது எலி மருந்து ஜாதி. டெஸ்டே வேண்டாத புது மாத்திரை இருக்கிறது, விலைதான் கொஞ்சம் கூட" என்கிறார். மாறலாமா?
- வாசகர், திண்டிவனம்

பதில்: மாறக்கூடாது. கடைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

அவர் சொன்னதில் பாதி உண்மை: எலி மருந்து ஜாதிதான். 1933-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில், கெட்டுப்போன தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. ஒரு விவசாயி உறையாத ரத்தத்தை ஒரு கேனில் பிடித்துக்கொண்டு பனிப்புயலில் வந்து, கார்ல் பால் லிங்க் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் வைத்தார். லிங்க் குழு அந்தத் தீவனத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளின் வழியில்தான் வார்ஃபரின் பிறந்தது. 1948-இல் எலி மருந்தாக வந்தது, 1954-இல் மனிதருக்கு அனுமதியானது. மறுவருடம் மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கே கொடுத்தார்கள். அசிட்ராம் இதன் பங்காளி. எலிக்கு யாரும் டெஸ்ட் பார்த்து அளவு குறைப்பதில்லை, உங்கள் மனைவிக்குப் பார்க்கிறோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

புது மாத்திரைகள் மோசமானவை அல்ல. கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தவர்கள், வால்வுக் கோளாறு இல்லாமல் இதயத் துடிப்பு தாறுமாறாகும் பெரியவர்கள் பலருக்கு நன்றாகவே வேலை செய்கின்றன. கடைக்காரர் பார்த்தது அவர்களை. உலோக வால்வில் கதை வேறு. புது மாத்திரைகளில் ஒன்றான டாபிகாட்ரானை இவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வை 2012-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். வார்ஃபரின் சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் பக்கவாதம் வரவில்லை, டாபிகாட்ரான் பக்கம் ஒன்பது பேருக்கு வந்தது. ரத்தக்கசிவும் அங்கேதான் அதிகம். 2022-இல் அபிக்ஸபான் என்ற இன்னொரு புது மாத்திரைக்கும் அதே கதிதான்: ஆய்வு பாதியில் நின்றது. அசிட்ராம் உறைதலுக்கான பல புரதங்களை ஒரே நேரத்தில் அடக்குகிறது. புதியவை ஒன்றை மட்டும் அடைக்கின்றன. ரத்தம் ஓயாமல் உலோகத்தில் உரசும் இடத்தில் அது போதவில்லை.

கடைகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அசிட்ராம் 1, 2, 3, 4 மி.கி. எனப் பல அளவில் வருகிறது. "2 இல்லை, 4 இருக்கிறது, பாதியாக உடைத்துக்கோங்க" என்று கொடுப்பார்கள். வீட்டில் ஒருநாள் உடைக்க மறந்தால்? பட்டையில் இருக்கும் எண்ணைப் படித்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். உடம்பு வலிக்கென்று பொட்டலத்தில் கலந்து தரும் மாத்திரை, வயிற்றுப்போக்குக்குத் தானாகவே வாங்கும் மெட்ரானிடசோல் இரண்டும் ரத்தக்கசிவில் கொண்டுவிடும். கீரையை நிறுத்த வேண்டாம், வாரத்துக்கு வாரம் ஒரே அளவில் சாப்பிட்டால் போதும்.

அலைச்சல் நியாயமான புகார்தான். லட்சங்கள் செலவாகும் வால்வை வைத்துவிட்டு, அதைக் காப்பாற்றும் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக்கு மனிதரைப் பஸ் ஏற்றுவதை என்னவென்று சொல்வது! சில லேப்கள் விநாடிக் கணக்கை மட்டும் அச்சிட்டு ஐ.என்.ஆர். எண்ணையே போடாமல் அனுப்புகின்றன. அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து எண்ணைக் கேளுங்கள். மைட்ரல் உலோக வால்வுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். எண் மாதக்கணக்கில் நிலையாக இருந்தால், இடைவெளியை நீட்டலாமா என்று உங்கள் டாக்டரிடமே கேட்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் மாத்திரையை மாற்றும் பேச்சு வரும். அவருக்கு 29 வயது என்பதால் அழுத்திச் சொல்கிறேன். கர்ப்பத்தின் 6 முதல் 12 வாரம் வரை இந்த மாத்திரை குழந்தையைப் பாதிக்கலாம். அதற்காக, கர்ப்பம் என்று தெரிந்ததும் நீங்களாக நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறைந்து தாயின் உயிருக்கே ஆபத்து. சிலருக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஊசிக்கு மாற்றுவார்கள். குறைந்த அளவே போதுமான சிலருக்கு அதே மாத்திரையைத் தொடர்வதும் உண்டு. பிரசவத்துக்கு முன்னால் இன்னொரு மாற்றமும் இருக்கும். எது சரி என்பதை இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து, கருத்தரிக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். நாள் தள்ளிப்போனால் அன்றே டெஸ்ட் எடுங்கள், அன்றே போன் செய்யுங்கள். டாக்டர் சொல்லும்வரை அசிட்ராம் தொடரட்டும்.