காலை எடுக்கப் பணம் உண்டு, காக்க?

கேள்வி: முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. எல்லோருக்கும் காப்பீடு என்று அரசு பேசுகிறதே, அந்தத் தொகையை 10 லட்சமாக உயர்த்தினால் போதாதா? (வாசகர், குலசேகரம்)

பதில்: போதாது. உச்சவரம்பை எட்டுகிற குடும்பங்கள் கொஞ்சம். மாதாமாதம் மருந்துக் கடையில் கரைகிற குடும்பங்கள்தான் ஏராளம்.

உங்கள் ஊர் ரப்பர் தோட்டத்தையே பாருங்கள். விடியுமுன் பால்வெட்டுக்கு இறங்குகிறவருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. பாதம் மரத்துவிட்டது, குச்சி குத்தினால் தெரியாது. புண் சீழ் பிடித்து எலும்பைத் தொட்ட பிறகுதான் ஆஸ்பத்திரியில் சேர்கிறார். காப்பீட்டு அட்டைக்கு வேலை வருவதும் அப்போதுதான். காலை எடுக்கப் பணம் கிடைக்கும். முதலமைச்சர் காப்பீட்டோடு இணைந்த மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்ட விதிப்படி, சேர்வதற்கு முந்தைய 3 நாள் செலவும் வீடு திரும்பிய பின் 15 நாள் செலவும் சேரும். புண் ஆற மாதக்கணக்காகும். 16-ஆம் நாளிலிருந்து தனியாரிடம் கட்டு மாற்றுவது கைக்காசில்!

அந்தக் காலைக் காப்பாற்றத் தேவையானவை அற்பச் செலவுதான். 3 மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும்) ரத்தப் பரிசோதனை. ஆண்டுக்கு ஒருமுறை 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வு பார்ப்பது; இழை வளையும் வரை அழுத்தியும் தெரியவில்லை என்றால் ஆபத்து. பிறகு எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற ரப்பர் செருப்பு. அதற்குப் பின்வார் வேண்டும், இல்லாவிட்டால் மரத்த காலிலிருந்து கழன்று விழுவதே தெரியாது. ஆணி அடித்திருக்கக் கூடாது. படுக்கையில் சேராதவருக்கு இவை எதையும் காப்பீடு தராது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு தருகிறது. மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் தனியார் டாக்டரிடம் போகிறவருக்கு ஃபீஸ், டெஸ்ட், மருந்து எல்லாம் சொந்தச் செலவுதான்.

படுக்கையில் சேராத புறநோயாளிகளையும் சேர்த்தால் லட்சக்கணக்கான சின்னச் சின்ன பில் வரும், சரிபார்க்கிற செலவே மிஞ்சிவிடும் என்று காப்பீட்டுக்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான். அதற்காக ஒதுங்க வேண்டியதில்லை. தாய்லாந்து 2002-இல் எல்லோருக்குமான திட்டத்தைக் கொண்டுவந்தபோது புறநோயாளி சிகிச்சையையும் சேர்த்தது. பில் பார்த்துப் பணம் தரவில்லை. பதிவு செய்தவர்களின் தலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே கொடுத்தது. நம் அரசும் முதலில் சேர்க்க வேண்டியது புறநோயாளி சிகிச்சையைத்தான். 10 லட்சம் பிறகு வரட்டும்.

அதுவரை, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சர்க்கரை பார்க்கப் போகும்போது, "பாதத்தையும் பாருங்கள்" என்று கேட்டு வாங்குங்கள். இரவில் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். வலி இல்லாத கொப்புளம் தெரிந்தால் மறுநாளே டாக்டரிடம் காட்டுங்கள்.