பாலியில் அரை நாள்தான் இருக்கிறது. பத்திக் (துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றுவது), மரச்செதுக்கு, வெள்ளி வேலை: எதைக் கற்கலாம்?

உபுதில் தங்குகிறீர்கள் என்றால் வெள்ளிதான். தெற்கே கொஞ்ச தூரத்தில் செலுக் இருக்கிறது. ஊரே தட்டார் ஊர். பத்திக்கில் பாதி நேரம் சாயம் காய்வதிலேயே போய்விடும். மாஸ் ஊரின் மரச்செதுக்கில் அரை நாளில் உளி பிடிக்கத்தான் பழகலாம். மோதிரமோ மூன்று, நான்கு மணி நேரத்தில் விரலுக்கு வந்துவிடும்.

வெறும் வளையத்தோடு திரும்பிவிடாதீர்கள். செலுக்கின் உயிர் 'ஜாவன்' எனப்படும் மணி வேலை. மெல்லிய வெள்ளிக் கம்பியைப் பொடித் துண்டுகளாக வெட்டிக் கரிமேல் வைத்து ஊதினால், ஒவ்வொன்றும் தானே உருண்டு கடுகுபோல் திரளும். துண்டுகள் கூடக்குறைய இருந்தால் மணிகளும் அப்படியே அமையும், வரிசை கோணிப்போகும். அதனால் வெட்டும்போதே நிதானம் வேண்டும். சூடு ஏறும்வரை மணியை நிறுத்தும் பசை எது தெரியுமா? குன்றிமணி! அங்கே 'பிலிங் பிலிங்' என்பார்கள். நம் தட்டார் எடைபோட்ட அதே விதையை, அவர்கள் நீர்விட்டு அரைத்து ஒட்டுகிறார்கள். அரைத்த குன்றிமணி நஞ்சு. கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள், கூட வரும் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு வெங்காரம் தொட்டு, பொடி (மணியைத் தகட்டோடு பற்றவைக்கும் உலோகக் கலவை) வைத்து ஊதுவது. புதியவர்கள் கெடுப்பது இங்கேதான். சுடரை நேராக மணிமேல் பிடிப்பார்கள். சிறிய மணி முதலில் உருகித் தட்டையாகிவிடும். அடித்தகட்டைச் சுற்றிச் சுற்றிக் காய்ச்சுங்கள். பொடி சூடான பக்கம்தான் ஓடும். தகடு மங்கிய சிவப்பானதும் பொடி பளிச்சென்று மின்னி ஓடும். அந்த நொடியே சுடரை எடுத்துவிட வேண்டும். மோதிரம் கருத்திருந்தால் பதற வேண்டாம். 925 வெள்ளியில் 7.5% செம்பு, கருத்தது அதுதான். நீர்த்த அமிலத்தில் போட்டெடுத்துப் பூந்திக்கொட்டை நுரையில் தேய்த்தால் வெளுத்துவிடும்.

பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி: கட்டணத்தில் எத்தனை கிராம் வெள்ளி சேர்த்தி? ஊதுவதை நானே செய்யலாமா? சில பட்டறைகளில் ஆசிரியரே ஊதிக் கொடுத்துவிடுவார். அப்படியானால் கற்க வேண்டியதே கைவிட்டுப் போகிறது. விரல் அளவைக் காலைக் குளிர்ச்சியில் எடுக்காதீர்கள், வெயில் ஏறினால் விரல் தடிக்கும்.

மார்ச் வாக்கில் வரும் நியெப்பி எனும் மௌன நாளன்று விமான நிலையம்கூட மூடியிருக்கும். 210 நாளுக்கொரு முறை வரும் கலுங்கன் திருவிழாவையொட்டிப் பட்டறைக்காரர்கள் கோயிலில் இருப்பார்கள். தேதியைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.